சிவப்பு விளக்கு அணையும் வரை

எங்கள் வீட்டு 2012 ஆம் ஆண்டு ஸ்விஃப்ட் பெட்ரோல் காருக்கு ஆயில் மாற்றும் வேலையைச் சில ஆண்டுகளாக நானே செய்துவருகிறேன். ஒரு மணி நேரத்தில் முடிகிற அந்த வேலை, சென்ற முறை மூன்று நாள் இழுத்தது. சனிக்கிழமை மாலை ஆயிலை வடித்து, பழைய ஆயில் ஃபில்டரையும் திருகி எடுத்த பிறகுதான், வாங்கி வைத்திருந்த புதிய ஃபில்டரின் மரை வேறு அளவு என்று தெரிந்தது. ஞாயிறு கடை விடுமுறை. திங்கள் முழுக்க மழை. செவ்வாய் மாலை சரியான ஃபில்டரோடு வந்து நின்றபோது, பக்கத்து வீட்டில் இருக்கும் ஓய்வுபெற்ற மெக்கானிக் எட்டிப் பார்த்து, "தம்பி, நேரா ஸ்டார்ட் பண்ணீராதீங்க, மூணு நாளா காஞ்சு கிடக்குது" என்றார்.

அவர் சொன்னதில் பொருள் இருந்தது. ஆயிலை மாற்றிய உடனே வண்டியைக் கிளப்பினால், பம்பிலும் உள்வழிகளிலும் தங்கியிருக்கும் ஆயிலே முதல் சில நொடிகளுக்குப் போதும். நாள்கணக்கில் திறந்து கிடந்தால் அதுவும் வடிந்துவிடும். ஆயில் பம்பின் பற்களுக்கு இடையிலுள்ள மெல்லிய இடைவெளியை அடைத்து உறிஞ்சும் வலுவைத் தருவதே ஆயில்தான் என்பதால், காய்ந்த பம்பு, எஞ்சினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டியான சம்பிலிருந்து ஆயிலை இழுக்கத் திணறும். இந்த எஞ்சினில், வால்வுகள் உரிய நேரத்தில் திறந்து மூடும்படி இயக்கும் டைமிங் செயினை இறுக்கிப் பிடிப்பதும் ஆயில் அழுத்தமே. அது வருவதற்குள் எஞ்சின் வேகமெடுத்தால் செயின் தளர்ந்து அடித்துக்கொள்ளும்.

முதலில் ஃபில்டரை நிரப்பினேன். நடுவிலுள்ள பெரிய துளை, வடிகட்டிய ஆயில் வெளியேறும் வழி. அதில் ஊற்றினால், டப்பாவின் வாயில் ஒட்டியிருக்கும் தூசு வடிகட்டப்படாமல் சுழலும் பாகங்களைத் தாங்கும் பேரிங்குகளுக்கு நேரே போய்விடும். ஆகவே சுற்றியுள்ள சிறு துளைகளின் வழியாகவே சிறுகச் சிறுக ஊற்றினேன். உள்ளேயுள்ள தாள் ஊறி, குமிழ்கள் மெல்ல எழுந்து அடங்கும் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவசரப்பட்டால் பாதிதான் நிறையும். பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டிருக்கவில்லை என்பதை விரலால் தடவி உறுதிசெய்து, புதிய வளையத்தில் ஆயில் பூசி, அது தொட்டதிலிருந்து முக்கால் சுற்று கையாலேயே இறுக்கினேன். பிறகு சம்பில் ஆயிலை அளவோடு ஊற்றினேன்.

அடுத்து, பம்பு ஆயிலை இழுத்து உள்வழிகளை நிரப்பும் வரை, எஞ்சினைக் கிளப்பாமல் செல்ஃப் மோட்டாரால் மட்டும் அதை மெதுவாகச் சுழற்ற வேண்டும். ஸ்பார்க்கை நிறுத்தினால் போதுமென்று சிலர் செய்வதுண்டு. பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர் உள்ள வண்டியில் அது தவறு. எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரிலுள்ள ஆயிலைக் கழுவுவதோடு, புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரையும் கெடுக்கும். ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தபடி செல்ஃப் அடித்தால் பல வண்டிகளில் பெட்ரோல் தானாக நின்றுவிடும் என்றாலும், கால் சற்று நழுவினால் காய்ந்த எஞ்சின் சீறிக்கொண்டு கிளம்பிவிடும் என்பதால் அதையும் விட்டேன். ஃபியூஸ் பெட்டியின் மூடியிலுள்ள படத்தைப் பார்த்து ஃபியூயல் பம்பின் ஃபியூஸை உருவி எடுத்தேன்.

அங்கேதான் சறுக்கினேன். சாவியைத் திருப்பியதும், பெட்ரோல் குழாயில் மிஞ்சியிருந்த அழுத்தத்திலேயே எஞ்சின் பற்றிக்கொண்டு, செயின் சளசளக்க இரண்டு நொடி ஓடி நின்றது. நெஞ்சு படபடத்தது. ஃபியூஸை முந்திய சனிக்கிழமையே, ஆயிலை வடிப்பதற்கு முன்பே உருவி, எஞ்சின் தானாக அணையும் வரை ஓடவிட்டிருந்தால் இது நேர்ந்திருக்காது.

அதன்பின் பத்து நொடி செல்ஃப், ஒரு நிமிட ஓய்வு என்று வைத்துக்கொண்டேன்; மோட்டார் சூடேறிவிடக் கூடாது அல்லவா. முதல் இரண்டு முறையும், ஆயில் அழுத்தம் இல்லை என்று காட்டும் எண்ணெய்க் குவளைப் பட விளக்கு சிவப்பாகவே நின்றது. மூன்றாவது முறை ஏழெட்டு நொடிக்குப் பிறகு செல்ஃபின் சத்தம் சற்றுக் கனத்தது. விளக்கு ஒருமுறை மினுக்கி அணைந்தது. உறுதிக்காக இன்னொரு முறை அடித்துப் பார்த்துவிட்டு, ஃபியூஸைச் சொருகிச் சாவியைத் திருப்பினேன். சளசளப்பே இல்லாமல் எஞ்சின் கிளம்பியது. ஒரு நிமிடம் ஓடவிட்டு அணைத்து, ஆயில் இறங்கும் வரை பொறுத்து, ஆயில் மட்டம் பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கைத் துடைத்துப் பார்த்தபோது மட்டம் கீழ்க்கோட்டை ஒட்டி நின்றது. உள்வழிகள் குடித்தது போக மீதம் அவ்வளவுதான். இன்னும் கொஞ்சம் ஊற்றி மேல்கோட்டுக்கு அருகில் நிறுத்தினேன்.