ஆர்கிடெக்ட்டோடு வீடு கட்டினோம்: படிக்கட்டில் பட்ட பாடு

புது வீட்டுக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது. அம்மா தினமும் சாயங்காலம் மாடிக்கு ஏறிப்போய் பேத்தியோடு கொஞ்ச நேரம் பேசிவிட்டு இறங்கி வருகிறார். பார்க்கும்போது அவ்வளவு நிம்மதி. கூடவே படிக்கட்டோடு மல்லாடிய அந்த ஏழு வாரமும் ஞாபகம் வந்து இன்னும் வயிற்றைப் பிசைகிறது. ஆர்கிடெக்ட் வைத்துக் கட்டப்போகிறவர்கள் ஒரே ஒரு தாளை முன்கூட்டியே கேட்டு வாங்கிப் படித்துவிட்டால் எங்களுக்கு வந்தது உங்களுக்கு வராது. அதற்குத்தான் எழுதுகிறேன். அந்தத் தாளுக்கு செக்‌ஷன் என்று பெயர். வீட்டை உச்சியிலிருந்து அடிவரை நெட்டுக்கு வெட்டிப் பார்த்தால் என்ன தெரியுமோ, அந்த வரைபடம்.

ஆர்கிடெக்ட்டைத் தேர்ந்தெடுத்தது, ஒப்பந்தம் போட்டது எல்லாம் சிக்கலில்லாமல் முடிந்தது. முதல் சந்திப்பு மட்டும் வீண். போன் நிறைய வீட்டுப் படங்களைச் சேர்த்துக்கொண்டு போனோம். ஒன்றரை மணி நேரம் அவற்றையே காட்டிவிட்டு வந்தோம். யார் எத்தனை மணிக்கு எழுகிறோம், துணி எங்கே காய வேண்டும், அம்மாவால் எவ்வளவு நடக்க முடியும், எதையும் நாங்களும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. இரண்டாவது முறை அதையெல்லாம் ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்த பிறகுதான் பிளான் எங்கள் குடும்பத்துக்கு ஏற்றதாக மாறத் தொடங்கியது.

அடுத்து இன்னொரு வீண் அலைச்சல். பத்திரத்தில் இருந்த அளவை வைத்தே பிளான் போட்டுவிட்டார்கள். அனுமதிக்குக் கொடுத்த கோப்பு திரும்பி வந்தது. மனையை அளந்து பார்த்தால் ஒரு பக்கம் 40 செ.மீ. குறைவு! பக்கவாட்டில் விட வேண்டிய இடம் அதனால் போதவில்லை. முதல் கோடு போடுவதற்கு முன்பே சர்வேயரை வைத்து நான்கு பக்கமும் மூலைவிட்டமும் அளந்துவிடுங்கள். நான்கு பக்கத்தை மட்டும் அளந்தால் மனை கோணலாக இருப்பது தெரியாது.

சரி, படிக்கட்டுக்கு வருகிறேன்.

முதல் பிளானில் ஒரு தளத்துக்கும் அடுத்த தளத்துக்கும் இடையே 3 மீட்டர். படிக்கட்டு நடுவில் திரும்பும் இரண்டு ஓட்டம், அதாவது இரண்டு படி வரிசை. ஓட்டத்துக்கு 9 வீதம் 18 ஏற்றம், அதாவது 18 முறை காலைத் தூக்கி ஏற வேண்டும். ஒரு படி 167 மி.மீ. உயரம், கால் வைக்கும் அகலம் 270. எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. அப்புறம் 3டி படங்கள் வந்தன. ஹால் அழகாக இருந்தது, ஆனால் கூரை தாழ்வாகத் தெரிந்தது. "இன்னும் ஒரு அடி உயர்த்த முடியுமா?" என்று நான்தான் வாட்ஸ்அப்பில் கேட்டேன். இரண்டே நாளில் புதுப் படம் வந்தது. உயரமான ஹால், பெரிய ஜன்னல். எல்லோரும் மயங்கிப் போனோம். அந்தப் படத்தைப் பார்த்தே பிளானில் கையெழுத்தும் போட்டோம்.

உயரம் 3.3 மீட்டர் ஆகிவிட்டது. பிளானில் படிகள் அதே 18. மேலிருந்து பார்க்கும் வரைபடத்தில் படியின் எண்ணிக்கையும் அகலமும் தெரியும், உயரம் தெரியாது. அந்த 18 கோட்டுக்குள் ஒரு படி 183 மி.மீ. ஆனதை வீட்டில் யாரும் கவனிக்கவில்லை. செக்‌ஷன் கேட்டதற்கு "அது வொர்க்கிங் டிராயிங்கோட வரும்" என்றார்கள். சைட்டில் வேலை செய்வதற்காகப் பின்னால் தரும் விரிவான வரைபடங்கள் அவை. நாங்களும் விட்டுவிட்டோம்.

கண்டுபிடித்தவர் சென்ட்ரிங் வேலை செய்யும் தச்சர். தூண்கள் பாதி உயரம் வந்திருந்த நேரம். படிக்கட்டுக்குப் பலகை அடிப்பதற்கு முன் ஒரு பலகையில் பென்சிலால் அளவைக் குறித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். "சார், வீட்டுல வயசானவங்க இருக்காங்கன்னு சொன்னீங்களே, இந்த உயரம் சரியா வருமா?" கோட்டுக்குப் பக்கத்தில் காலைத் தூக்கிப் பார்த்தேன். நாங்கள் அப்போது குடியிருந்த வாடகை வீட்டுப் படி மாதிரியே இருந்தது. அங்கே அம்மா நாலு படிக்கு ஒருமுறை நின்று மூச்சு வாங்குவார்.

உடனே ஆர்கிடெக்ட் அலுவலகத்துக்குப் போன் செய்தேன். அவர் ஊரில் இல்லை. உதவியாளர் பேசினார். "சார், 190 வரைக்கும் போகலாம், உங்களுது 183தானே. ஃபார்முலாவும் சரியா வருது." அவர் சொன்ன ஃபார்முலா 17ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக் கட்டிடக் கலைஞர் பிரான்சுவா புளோண்டெல் சொன்னது. இரண்டு படி உயரத்தோடு ஒரு படி அகலத்தைக் கூட்டினால் மனிதர் ஓர் எட்டு எடுத்து வைக்கும் தூரத்துக்குச் சமமாக வர வேண்டும். இன்றைய கணக்கில் சுமார் 600 முதல் 650 மி.மீ. எங்கள் படிக்கு 183, 183, 270 கூட்டினால் 636. கணக்கில் தேறிவிட்டது. ஆனால் அது எட்டு வைக்கும் தூரத்தின் கணக்கு. முழங்கால் தேய்ந்த ஒருவர் காலை எவ்வளவு தூக்க முடியும் என்பதை அது பார்க்காது. இதை அவருக்குப் புரியவைக்க என்னால் முடியவில்லை. தச்சரிடம் வேலையை நிறுத்தச் சொன்னேன்.

அன்று சாயங்காலம் செய்த ஒரு காரியத்தை இன்றும் பெருமையாக நினைக்கிறேன். சித்தி வீட்டு மாடிக்கு அம்மா நிற்காமல் ஏறுவார். அங்கே போய் டேப் வைத்து அளந்தேன். 155 மி.மீ. எங்கள் வாடகை வீட்டுப் படி 185. இரண்டையும் எழுதி, படத்தோடு ஆர்கிடெக்ட்டுக்கு அனுப்பினேன். வாய்ப்பேச்சில் நகராத விஷயம் அந்த இரண்டு எண்ணில் நகர்ந்தது. ஊர் திரும்பியதும் நேரில் வரச் சொன்னார்.

முதலில் அவர் காட்டிய தீர்வு எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. படிகளைக் கூட்டினால் ஓட்டம் நீளும். அந்த நீளத்தை அம்மாவின் குளியலறையிலிருந்து எடுப்பதாகப் பென்சிலால் கோடு போட்டார். 1800 மி.மீ. அகலம் 1350 ஆகும். பின்னாளில் சக்கர நாற்காலி தேவைப்படலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். நாற்காலி முழுதாகத் திரும்ப 1500 மி.மீ. விட்டமுள்ள வட்டம் வேண்டும். தாளில் அது ஒரு சின்ன மாற்றம் போலத்தான் தெரிந்தது. மறுநாள் என் மனைவி செய்தித்தாள்களை ஒட்டி 1500 மி.மீ. வட்டம் ஒன்று வெட்டி எடுத்து வந்தார். அலுவலகத் தரையில் 1350க்கு இரண்டு டேப் ஒட்டி, நடுவில் அந்த வட்டத்தை விரித்தோம். இரண்டு பக்கமும் தாள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அவர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். "குளியலறையைத் தொட வேண்டாம்" என்று அவரே சொன்னார்.

கடைசியில் இரண்டு பக்கமும் விட்டுக்கொடுத்தோம். தள உயரம் 3.15 மீட்டர், ஏற்றம் 20. ஒரு படி 157 மி.மீ.க்குச் சற்றே அதிகம், அகலம் 290. ஒவ்வோர் ஓட்டமும் 450 மி.மீ. நீண்டது. அந்த ஒன்றரை அடி ஹாலிலிருந்து போனது. மேல்தளக் கான்கிரீட் போடாததால் தப்பித்தோம். போட்டிருந்தால் படிக்கட்டுத் திறப்பையும் உத்தரத்தையும் உடைத்திருக்க வேண்டும். ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் கம்பிக் கணக்கைத் திருத்தித் தரவே மூன்று வாரம் ஆனது.

பிறகு பணத் தகராறு. கையெழுத்துக்குப் பிறகு வரும் மாற்றத்துக்குத் தனிக் கட்டணம் என்று ஒப்பந்தத்தில் இருந்தது. கையெழுத்து எங்களுடையதுதான். ஆனால் முதல் மாதமே "அம்மாவுக்கு முழங்கால் வலி, படி தாழ்வாக இருக்க வேண்டும்" என்று மின்னஞ்சலில் எழுதியிருந்தோம். தேதியோடு எடுத்துக் காட்டியதும் அவர்கள் அந்தக் கட்டணத்தை விட்டுவிட்டார்கள். வாயால் மட்டும் சொல்லியிருந்தால் கட்டித்தான் ஆகியிருக்க வேண்டும். நேரில் பேசியதையும் அன்றே நாலு வரியில் எழுதி அனுப்பிவிடுங்கள்.

இத்தோடு முடிந்தது என்று நினைத்தோம். இரண்டு வாரம் கழித்து சைட்டுக்குப் போனால் மேஸ்திரி அம்மா அறைச் சுவரைப் பழைய பிளான்படி எழுப்பிக்கொண்டிருக்கிறார். அவர் கையில் இருந்தது ஆர் 2, அதாவது பிளானின் இரண்டாவது ரிவிஷன். எங்களிடம் இருந்தது ஆர் 4. அலுவலகம் புதுப் பிரதியை மின்னஞ்சலில் அனுப்பியதே தவிர, சைட்டுக்கு யாரும் அச்செடுத்துக் கொடுக்கவில்லை. ஒரு நாள் வேலை இடிந்தது. அன்றிலிருந்து புதுத் தாள் வந்தால் பழையதை நானே வாங்கிக் கிழித்துவிடுவேன். எந்த ரிவிஷன் என்று தாளின் மூலையில் பார்க்காமல் ஒரு செங்கல்கூட வைக்கக் கூடாது என்று மேஸ்திரியிடமும் சொல்லி வைத்தேன்.

கதவையும் சொல்லிவிடுகிறேன். பிளானில் 900 என்று போட்டிருந்தால் அது பெரும்பாலும் நிலையோடு சேர்ந்த அளவு. நிலைச் சட்டமும் திறந்து நிற்கும் கதவின் தடிமனும் போனால், உள்ளே நுழையக் கிடைப்பது 800க்கும் குறைவாகிவிடும். அம்மா அறைக்கும் குளியலறைக்கும் 1000 போடச் சொன்னோம். அது மட்டும் கேட்டவுடனே நடந்தது.

சுவர்ப் பக்கமும் ஒரு கைப்பிடி வேண்டும் என்று அம்மா போன வாரம் கேட்டார். அந்தத் தச்சரையே கூப்பிட்டோம். அம்மாவைப் படியில் நிற்கச் சொல்லி, கை எந்த உயரத்தில் விழுகிறது என்று பார்த்துக் குறித்துக்கொண்டு போயிருக்கிறார்.