புளியரையில் ரேடியோ டெலிடைப் பழகிய நாட்கள்

செப்டம்பர் 8, 2024, ஞாயிறு

இதுவரை குரல் வழியாக மட்டுமே பேசிவந்த நான், ஹாம்கள் (பொழுதுபோக்காக வானொலி நிலையம் இயக்குபவர்கள்) ‘ரிட்டி’ என்று அழைக்கும், தட்டச்சு எழுத்துகளை வானொலி அலையில் அனுப்பும் ரேடியோ டெலிடைப்பை இன்று முதல் பழகத் தொடங்கியிருக்கிறேன். தூண்டியவர் ஆரியங்காவில் வசிக்கும் அண்ணாச்சி. தந்தி அலுவலகத்தில் டெலிபிரிண்டரோடு பணிக்காலத்தைக் கழித்தவர் அவர். “கம்ப்யூட்டர் எழுத்தைக் காட்டும் தம்பி, ஆனா அந்த ரெண்டு ஒலியும் முதல்ல உங்க காதுக்குப் பழகணும்” என்றார்.

முறையின் அடிப்படை அந்த இரண்டு ஒலிகள்தான். 2125 ஹெர்ட்ஸில் ஒலிப்பது மார்க், 2295 ஹெர்ட்ஸில் ஒலிப்பது ஸ்பேஸ். ஒவ்வோர் எழுத்தும் ஐந்து துடிப்புகளால் ஆனது. அவற்றுக்கு முன் ஒரு தொடக்கத் துடிப்பும், பின் ஒன்றரைத் துடிப்பு நீளத்துக்கு நிறுத்தமும் வருகின்றன. ஒரு துடிப்பு 22 மில்லிநொடி என்பதால் ஓர் எழுத்துக்கு 165 மில்லிநொடி ஆகிறது. நொடிக்கு ஏறத்தாழ ஆறு எழுத்துகள்.

செப்டம்பர் 11, புதன்

ஜப்பானிய ஹாம் மகோதோ மோரி எழுதிய எம்எம்டிடிஒய் மென்பொருளை நிறுவி, ரிக் எனும் என் வானொலிக் கருவியின் ஒலியை சவுண்ட் கார்டு வழியாகக் கணினிக்குக் கொடுத்தேன். 14.080 மெகாஹெர்ட்ஸுக்குச் சற்று மேலே அந்தத் தாளம் தெளிவாகக் கேட்டது. திரையிலோ பொருளற்ற எழுத்துக் குவியல். இரண்டு மணி நேரம் கேபிள்களையே சந்தேகித்த பின்புதான், ரிக்கை, மைய அலைவெண்ணுக்கு மேலுள்ள பகுதியை எடுக்கும் மேல் பக்கப்பட்டையில் வைத்திருந்தது கண்ணில் பட்டது. அதனால் மார்க்கும் ஸ்பேஸும் இடம் மாறியிருந்தன. கீழ்ப் பக்கப்பட்டைக்கு மாற்றி, திரையில் இரு நீள்வட்டங்களும் சிலுவைபோல் குறுக்கே நிற்கும்வரை குமிழை மெல்லத் திருகியதும், ஓர் இத்தாலிய நிலையத்தின் அழைப்பு எழுத்தெழுத்தாக விரிந்தது.

செப்டம்பர் 14, சனி

இன்று, ஆன்டெனாவுக்குப் பதிலாக ஆற்றலை வெப்பமாக்கி விழுங்கும் டம்மி லோடில் ஒலிபரப்பிப் பார்த்தேன். பேச்சில் ஆற்றல் ஏறி இறங்கும்; ரிட்டியிலோ ஒலிபரப்பு முடியும்வரை முழு ஆற்றலும் இடைவிடாமல் வெளியேறுகிறது. 100 வாட்டில் சில நிமிடங்கள் ஓட்டியதற்கே ரிக்கின் பின்புறத்தில் கை வைக்க முடியவில்லை. 40 வாட்டுக்குக் குறைத்துவிட்டேன். சவுண்ட் கார்டின் ஒலியளவையும் ஏ.எல்.சி. (ஒலி மிகும்போது தானாகக் குறைக்கும் அமைப்பு) முள் அசையாத நிலைவரை இறக்கினேன். ஒலி மிகுந்தால் அலை அகன்று, பக்கத்தில் இருப்பவர்களின் தொடர்பைக் கெடுக்கும். இந்தப் பொறுப்பைத் தொடக்கத்திலேயே கற்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

செப்டம்பர் 21, சனி

மாலையில் தென்காசிப் பக்கம் மின்னல். எதிர்நிலையத்தின் அலை எவ்வளவு நன்றாகக் கேட்கிறது என்று, நான் கேட்டுக்கொண்டிருந்த ஒரு நிலையம் அனுப்பிய அறிக்கை, திரையில் ‘டிஓஓ’ என்று அச்சானது. எனக்குப் புரியவில்லை, அண்ணாச்சியைத் தொலைபேசியில் அழைத்தேன். “அது 599 தம்பி!” என்று உடனே சொன்னார். மிகத் தெளிவாகக் கேட்கிறது என்பதற்கான எண் அது.

ஐந்து துடிப்புகளால் 32 சேர்க்கைகளே கிடைக்கும். 26 எழுத்துகளுக்குப் பிறகு எண்களுக்கு இடமில்லை. ஆகவே ‘இனி எண்கள்’ என்று ஒரு குறியீடும், ‘இனி எழுத்துகள்’ என்று இன்னொன்றும் உண்டு; ஒரே சேர்க்கை முதலாவதன் பின் 5, இரண்டாவதன் பின் ‘டி’. அவ்வாறே 9 என்பது ‘ஓ’. மின்னல் அந்த ஒரு குறியீட்டை விழுங்கினால் அடுத்து வரும் எண்களெல்லாம் எழுத்துகளாகிவிடும். பிழையைத் தானாகத் திருத்தும் ஏற்பாடு இதில் இல்லை. திருத்த வேண்டியவர் படிப்பவர். புதிய டிஜிட்டல் முறைகள் இதைவிட மெல்லிய அலைகளையும் படித்துவிடும் என்பது உண்மை. ஆனாலும் பிழை எங்கிருந்து வந்தது என்று பின்னோக்கிச் சென்று கண்டுபிடிக்க முடிவதால், புதிதாகக் கற்பவருக்கு ரிட்டியே நல்ல ஆசான் என்று நினைக்கிறேன்.

செப்டம்பர் 28, சனி

முடிந்தவரை பல நிலையங்களைத் தொடர்புகொள்ளும் உலக ரிட்டி போட்டி காலை 5:30 மணிக்குத் தொடங்கியது. மேற்கே மலை நெருங்கி எழுந்து நிற்பதால் தாழ்வான கோணத்தில் ஐரோப்பா எனக்கு எளிதில் எட்டுவதில்லை. கிழக்கே வயல்வெளி திறந்து கிடக்கிறது. தென்னைகளுக்கு இடையே கட்டிய டைபோல் கம்பி ஆன்டெனாவில், 21 மெகாஹெர்ட்ஸில் ஒரு ஜப்பானிய நிலையத்தை மூன்று முறை அழைத்தேன். மூன்றாம் முறை என் அழைப்புக்குறி திரையில் திரும்பி வந்தது. அதன் பின்னே ‘டிஓஓ டபிள்யூடி’ என்ற எழுத்துகள்.

கை தானாகப் பதிவேட்டில் 599 25 என்று எழுதியது, ஏனெனில் 2 என்பது ‘டபிள்யூ’, போட்டிக்காக உலகைப் பிரித்த மண்டலங்களில் ஜப்பானின் எண் 25. நம் மண்டலமான 22-ஐச் சேர்த்து என் அறிக்கையை அனுப்பினேன். நன்றி என்று பதில் வந்தது. உடனே ஆரியங்காவுக்குத் தொலைபேசியில் அழைத்து, திரையில் அச்சான வரியை அப்படியே அண்ணாச்சிக்கு எழுத்தெழுத்தாகப் படித்துக் காட்டினேன்.