சின்னத்தை விடுங்கள், விளிம்பைப் பாருங்கள்

இரண்டாம் உலகப் போர் ஜெர்மன் ஹெல்மெட் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது, இரண்டு பக்கமும் சின்னம் பளிச்சென்று இருக்கிறது, வாங்கலாமா என்று கேட்கிறவர்கள் முதலில் அந்தச் சின்னத்தை மறந்துவிடுங்கள், ஏமாற்றுகிறவன் கைவைப்பதே அங்கேதான். விளிம்பைத் தடவிப் பாருங்கள். எம்35, எம்40 என்றால், அதாவது 1935, 1940 மாடல்கள் என்றால், உள்பக்கமாக மடித்திருக்கும். எம்42-இல் மடிப்பு கிடையாது, தகட்டின் வெட்டு விளிம்பு அப்படியே வெளியே விரிந்து நிற்கும்.

சரி, எம்42-இல் தரைப்படையின் கழுகுச் சின்னத்தோடு ஜெர்மன் தேசிய நிறங்கள் கொண்ட மூவண்ணக் கேடயச் சின்னமும் இருந்தால்? அந்தக் கேடயத்தை 1940-லேயே நீக்கச் சொல்லிவிட்டார்கள், எம்42 வந்ததோ 1942-இல்!

அப்புறம் உள்ளே, இடப்பக்க ஓரத்தில் ‘ஈடி64’ மாதிரி முத்திரை இருக்கும்: ஜெர்மனியின் தாலே ஊர் ஆலை, ஹெல்மெட் ஓட்டின் அளவு 64. பின்பக்கம் சதுர வளையம் ரிவெட் அடித்திருந்தால் அது ஹங்கேரியின் எம்38. அதற்கும் பெயிண்ட் அடித்து ஜெர்மன் என்று தலையில் கட்டிவிடுவார்கள்.