கேட்காத கடனுக்கு சிபிலில் என்கொயரி விழுந்தால்

சிபில் போன்ற கடன் தகவல் நிறுவனங்களிடமிருந்து கடன் அறிக்கையை இறக்கிப் பார்ப்பவர்களில் பெரும்பாலோர் முதல் பக்கத்து ஸ்கோரோடு நிறுத்திக்கொள்கிறார்கள். வீட்டுக் கடன் மேலாளர் அப்படி நிறுத்துவதில்லை. கடைசிப் பகுதியில் இருக்கும் என்கொயரி பட்டியல், அதாவது கடன் தருபவர்கள் உங்கள் அறிக்கையை எடுத்துப் பார்த்த பதிவு வரை போவார். அதில் ஒரு வரிக்கு நான்கே தகவல்கள்: யார் பார்த்தார்கள், எந்தத் தேதி, எதற்காக, எவ்வளவு தொகைக்கு. கடன் கிடைத்ததா, மறுத்தார்களா, நீங்களே வேண்டாம் என்று விட்டீர்களா என்பது அங்கே இருக்காது. ஒரே வாரத்தில் மூன்று தனிநபர் கடன் என்கொயரி இருந்து, அதன்பின் புதுக் கணக்கு எதுவும் திறக்கவில்லை என்றால், மூன்று இடத்திலும் கையை விரித்துவிட்டார்கள் என்றுதான் படிக்கிறவர் எடுத்துக்கொள்வார். ஸ்கோரில் குறையும் சில புள்ளிகளைவிட இந்த ஊகம்தான் அதிகம் கெடுக்கிறது. தவணை தவறியதோ, கார்டு வரம்பை முட்ட முட்டச் செலவழித்ததோ ஸ்கோரை இழுக்கும் அளவுக்கு என்கொயரி இழுக்காது.

உங்கள் அறிக்கையை நீங்களே பார்ப்பதால் ஒரு புள்ளிகூடக் குறையாது. சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என நான்கு நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தரவேண்டும் என்ற விதி 2017 முதல் இருக்கிறது. நான்கையும் எடுத்துப் பாருங்கள். கடன் தருபவர் எந்த நிறுவனத்தில் பார்த்தாரோ அங்கே மட்டும்தான் வரி விழும். சிபில் சுத்தமாக இருப்பதால் எக்ஸ்பீரியனும் சுத்தம் என்று சொல்ல முடியாது.

பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு முதலில் பிரிக்க வேண்டியது, ஒப்புதல் கொடுத்தவை எவை, கொடுக்காதவை எவை என்பதை. இங்கேதான் பலருக்கு ஏமாற்றம். மொபைல் கடையில் தவணைக்கு வாங்கலாமா என்று கேட்டு ஓடிபி சொன்னது, கார் ஷோரூமில் கையெழுத்துப் போட்ட ஒரே படிவத்தை அவர்கள் நாலு வங்கிக்கு அனுப்பியது, கடன் ஒப்பீட்டுச் செயலியில் 'விண்ணப்பி' என்பதைத் தட்டியது: இவையெல்லாம் பெரும்பாலும் ஒப்புதல் கணக்கில்தான் சேரும். அந்த ஓடிபி குறுஞ்செய்தியையே திரும்பப் படித்துப் பாருங்கள். கடன் விவரத்தைப் பார்க்க அனுமதி என்று அதிலேயே இருக்கும். இவற்றை நீக்கச் சொல்லி மல்லுக்கட்டுவது வீண். பழசாகப் பழசாக அவற்றின் பாதிப்பு தானே குறையும்.

பெயரே கேள்விப்படாத நிறுவனம், போகாத ஊர், கேட்காத தொகை என்றால் விஷயம் வேறு. சிபில் இணையதளத்தில் நுழைந்து, புகார்ப் பகுதியில் அந்த என்கொயரி வரியைத் தேர்ந்தெடுத்துப் பதியலாம், கட்டணம் கிடையாது. அறிக்கையின் மேலே உள்ள கட்டுப்பாட்டு எண்ணைக் (Control Number) குறித்துவையுங்கள், எல்லாக் கடிதத்திலும் கேட்பார்கள். சிபில் தானாக எதையும் அழிக்காது. உங்கள் புகாரை அந்த நிறுவனத்துக்கு அனுப்பி, அவர்கள் சரி என்றால்தான் வரி போகும். சிபிலில் மட்டும் பதிந்துவிட்டுக் காத்திருப்பவர்களின் புகார் நிராகரிக்கப்படுவது இதனால்தான்: நிறுவனத்தில் யாரோ 'விண்ணப்பம் உண்டு' என்று ஒரு வரி பதில் போட்டால் கதை முடிந்தது.

ஆகவே அதே நாளில் அந்த நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கும் மின்னஞ்சல் அனுப்ப வேண்டும். 'நீக்குங்கள்' என்று மட்டும் எழுதாதீர்கள், ஆதாரம் கேளுங்கள். விண்ணப்பப் படிவத்தின் நகல், ஒப்புதல் பெற்ற தேதி, நேரம், ஓடிபி போன கைபேசி எண், விண்ணப்பத்தைக் கொண்டுவந்த முகவரின் பெயர். கைபேசி எண் உங்களுடையது இல்லை என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. பான் எண்ணை வேறு யாரோ பயன்படுத்தியிருப்பது தெரியவந்தால் சைபர் குற்றப் பிரிவில் புகார் கொடுத்து, அதன் நகலையும் இணைத்துவிடுங்கள்.

புகார் பதிந்ததிலிருந்து கெடு 30 நாள். தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு தரவேண்டும் என்ற ரிசர்வ் வங்கி விதி 2024 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ளது. என்கொயரி போட்ட கடன் நிறுவனம் 21 நாளுக்குள் சிபிலுக்குத் திருத்தம் அனுப்பாவிட்டால் அந்த நிறுவனம் தரவேண்டும். அனுப்பியும் சிபில் தாமதித்தால் சிபில் தரவேண்டும். நிராகரித்தால் காரணம் சொல்லியாக வேண்டும். பதில் வரவில்லை, வந்தும் திருப்தியில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இணையத்தில் இலவசமாகப் புகார் செய்யலாம். விவரம் கேட்க 14448. முதலில் நிறுவனத்துக்கு எழுதிய கடிதம் இல்லாமல் அங்கே போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

நீக்க முடியாத வரிகளோடு வீட்டுக் கடனுக்குப் போகிறவர்கள், வங்கி கேட்கும் முன்பே அரைப் பக்க விளக்கம் கொடுத்துவிடலாம். நாலு கார் கடன் என்கொயரியும் ஒரே காருக்கானவை என்று எழுதி, கடைசியில் கடன் தந்த வங்கியின் ஒப்புதல் கடிதத்தை இணைத்தால் போதும். வட்டி விசாரிக்கும்போது பான் எண்ணைக் கொடுக்காதீர்கள். நீங்களே இறக்கிய அறிக்கையைக் காட்டி, இந்த ஸ்கோருக்கு என்ன வட்டி என்று கேளுங்கள். முகவர் மூலம் போனால், படிவத்தில் வங்கியின் பெயரைக் காலியாக விடாமல் நீங்களே எழுதிவிட்டுப் பிறகு கையெழுத்துப் போடுங்கள்.