துணிஞ்சு போறது

'ரிஸ்க்' என்ற ஒரு சொல்லோடு நான் மூன்று கிழமை மல்லுக்கட்டினேன்.

2022 செப்டெம்பர். திருகோணமலையில் உட்துறைமுக வீதிப் பக்கம் ஒரு வாடகை அறை. அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் கலாநிதிப் பட்டத்துக்கு ஆய்வு செய்யும் அக்கா ஒருவர் அங்கே தங்கியிருந்தார். புயல் எச்சரிக்கை வந்த பிறகும் ஒரு மீனவர் கடலுக்குப் போவதா விடுவதா என்று எப்படி முடிவெடுக்கிறார் என்பது அவருடைய ஆய்வு. 2020 டிசெம்பர் 2 இரவு புரவிப் புயல் திருகோணமலைக்கு வடக்கே கரையேறியதிலிருந்து பிறந்த கேள்வி. நான் அதுவரை உயர்தர மாணவருக்கு வணிகக்கல்வி ரியூசன் கொடுத்துக்கொண்டிருந்தவள். கேள்விக்கொத்தைத் தமிழாக்கவும் ஊருக்குள் கூட்டிப்போகவும் என்னைச் சேர்த்துக்கொண்டார்.

பணம் கேட்டு விண்ணப்பிக்க இருந்த இடம் அமெரிக்காவின் தேசிய விஞ்ஞான மன்றம். தீர்மானம், இடர்நேர்வு (ரிஸ்க்), முகாமைத்துவம் பற்றிய ஆய்வுகளுக்கென்றே அங்கே அப்போது தனிப் பிரிவு இருந்தது. ஆய்வு மாணவர் தன் பெயரில் மட்டும் கேட்க முடியாது. மேற்பார்வையாளர் முதலாவது ஆய்வாளர், மாணவர் இணை ஆய்வாளர், அனுப்புவது பல்கலைக்கழகம். அந்தக் காசு மாணவரின் சீவியத்துக்கோ கல்விக் கட்டணத்துக்கோ அல்ல, களவேலைக்கு. ஒரு பக்கச் சுருக்கத்தில் இரண்டு விசயம் தனித்தனியாகத் தெரியவேண்டும்: அறிவுக்கு என்ன புதிது, ஊருலகத்துக்கு என்ன பயன். இரண்டாவதை நான் ஒரு மணித்தியாலத்தில் சொல்லிக்கொடுத்துவிட்டேன். முதலாவதுக்குத்தான் அக்கா இரவிரவாக முழித்திருந்தார்.

சொல்லுக்கு வருகிறேன். நான் படிப்பிக்கும் பாடத்தில் அது 'இடர்நேர்வு'. சல்லி என்ற மீனவ ஊரில் ஒரு மீன்வாடிக்குள் அதைச் சொல்லிப் பார்த்தேன், யாரோ செத்த செய்தி சொன்னதுபோல் பார்த்தார்கள். 'ஆபத்து' என்றால் கடவுளே என்று கையெடுத்தார்கள். கடைசியில் அவர்கள் வாயிலிருந்தே வந்தது: "துணிஞ்சு போறது." அதையே எழுதினேன். சரிபார்க்க இன்னொருவரைக் கொண்டு திரும்ப ஆங்கிலமாக்கும் பின்மொழிபெயர்ப்புக்கு அனுப்பினால், ஆங்கிலத்தில் திரும்பி வந்த கேள்வியின் பொருள், "நீங்கள் எவ்வளவு வீரத்தோடு கடலுக்குப் போவீர்கள்?" அக்கா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, திருத்தவேண்டியவள் நான்தானே.

அடுத்தது, ஒரு ஆள் எவ்வளவு துணிவார் என்று அளக்கக் கேள்விக்கொத்தோடு வைத்திருந்த ஒரு விளையாட்டு. பத்து வரிசை, ஒவ்வொன்றிலும் இரண்டு சீட்டு, ஒன்றைத் தெரிவுசெய்யவேண்டும். ஒரு சீட்டில் பரிசுகள் கிட்டக்கிட்ட, மற்றதில் ஒன்று பெரிது, ஒன்று ஒன்றுக்கும் உதவாது. பெரிய பரிசின் வாய்ப்பு வரிசைக்கு வரிசை ஏறும். எந்த வரிசையில் ஆள் முதல் சீட்டை விட்டு மற்றதுக்கு மாறுகிறார் என்று பார்த்தால் அவர் எவ்வளவு துணிவார் என்று கணக்கிடலாம். பொருளியலாளர் 2002 முதல் கையாளும் முறை. ஒரு பையில் பத்துப் போளையைப் போட்டு விளங்கப்படுத்தினேன். கிண்ணியாவில் ஒரு பெரியவர் பையைத் தொடவே இல்லை.

"இது சூதுதானே மகள். எங்களுக்கு ஹராம்."

அவர் சொன்னது சரி. உண்மைக் காசு வைக்காவிட்டால் பதில் பொய்யாகிவிடும் என்பது துறையின் பழைய நம்பிக்கை. 1980இல் பின்ஸ்வாங்கர் என்ற பொருளியலாளர் இந்தியக் கிராமத்து விவசாயிகளிடம் உண்மைக் காசு வைத்துத்தான் அளந்தார். ஆனால் ஊரின் ஒரு பகுதி தொடவே மாட்டாத அளவுகோலால் ஊரை எப்படி அளப்பது? எல்லாருக்கும் ஒரே தொகை, அரை நாள் கூலி, என்று வரவுசெலவை மாற்றினோம். அந்தத் தொகையும் நிலைக்கவில்லை. அக்கா முதலில் கணக்குப் போட்டபோது டொலர் 200 ரூபா மட்டில். எழுதி முடிக்கையில் 360 அளவில். கூலியும் விலைவாசியும் ஒவ்வொரு பக்கம் ஓடின.

இதையெல்லாம் விட எங்களைக் கவிழ்த்தது திருக்கடலூரில் ஒரு ஐயா. போளை, பை எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"பிள்ளை, இதில நான் தோத்தா எனக்கு ஒண்டும் போகாது. அப்ப என்னத்தைத் துணியிறது?"

பிறகு கணக்குச் சொன்னார். ஒருதரம் போய்வர 25 லீற்றர் மண்ணெண்ணெய். ஓகஸ்டில் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ஆனது. வெறும் படகோடு திரும்பினால் 8,500 ரூபா கடன்; ஏற்கெனவே மீன் வாங்கும் முதலாளியிடம் வாங்கிய முற்பணம் வேறு. "கடன் இல்லாதவன் காத்தைப் பார்ப்பான். கடன்காரன் முதலாளியைப் பார்ப்பான்."

அறைக்கு வந்து அக்கா வெகுநேரம் பேசவில்லை. கானமன், ட்வெர்ஸ்கி என்ற இரு உளவியலாளர்கள் 1979இல் எழுதியதும் இதுதான்: நட்டத்தில் நிற்கிறவர், நட்டத்தைச் சரிக்கட்ட வாய்ப்பிருந்தால், கூடுதலாகத் துணிவார். அதை அவர் பரீட்சைக்குப் படித்தவர். ஆனால் எங்கள் கேள்விக்கொத்து எல்லாரும் கணக்கில் பூச்சியத்தில் நிற்கிறார்கள் என்று வைத்துக்கொண்டு எழுதப்பட்டது. காற்றும் அலையும் பற்றி இருபது கேள்வி. கடன் பற்றி ஒன்று, அதுவும் கடைசிப் பக்கத்தில், வயதுக்கும் படிப்புக்கும் பக்கத்தில். வணிகக்கல்வி படிப்பிக்கிற எனக்காவது அது உறைத்திருக்கவேண்டும்.

அந்த இரவே கடன் கேள்வியை முதல் பக்கத்துக்கு ஏற்றினோம். சுருக்கத்தின் முதல் வாக்கியமும் மாறியது. போளைப் பை என் மருமகனிடம் போனது.

விண்ணப்பம் போன பிறகு, சொல்லிவிட்டு வரலாம் என்று ஐயாவைப் பார்க்கப் போனேன். வலை பொத்திக்கொண்டிருந்தார்.

"காசு வந்தா என்ன செய்வீங்க?"

"இதே கேள்வியை இன்னும் 200 பேரிட்டக் கேப்பம் ஐயா."

"எல்லாரும் நான் சொன்னதைத்தான் சொல்லுவாங்க."

"அப்படிச் சொன்னாத்தான் எழுதலாம்."

நூலைப் பல்லால் அறுத்தார். "அதுக்குப் பேசாம எங்களுக்கு எண்ணெய் வாங்கித் தந்திருக்கலாமே பிள்ளை."