கேட்டது கண், கிடைத்தது ஊன்றுகோல்

தேவாரம் பாடிய சுந்தரர் கண்ணிழந்தது திருவொற்றியூரில். உன்னைப் பிரியமாட்டேன் என்று, மணக்கவிருந்த சங்கிலியாருக்கு மகிழ மரத்தடியில் சத்தியம் செய்து கொடுத்தவர், திருவாரூர் நினைப்பு தாங்காமல் ஊர் எல்லையைத் தாண்டினார். இரண்டு கண்ணும் போய்விட்டன. அதற்குப் பிறகு தட்டுத்தடுமாறி அவர் நடந்த வழியில் இருக்கிற தலம் திருவெண்பாக்கம். இன்றைக்குப் பூண்டி என்றால்தான் பலருக்குத் தெரியும்.

இந்த வருஷம் எங்கள் குடும்பத்தை நன்றாக ஆட்டிப் பார்த்துவிட்டது. தை மாதம் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலது கை, கால் விழுந்துவிட்டது. ஆடியில் என் கணவர் வேலை பார்த்த கம்பெனியை மூடிவிட்டார்கள். சுவாமி முன்னால் நின்றால் எதை முதலில் கேட்பது என்று குழம்பும் நிலைமை. ஐப்பசி முடியும்போது அப்பாவே ஒருநாள், "பூண்டிக்குப் போய்ட்டு வரலாமாம்மா?" என்றார். சிறு வயதிலிருந்தே தேவாரம் பாடி வந்தவர். ஏன் அந்தக் கோயில் என்று நான் கேட்கவில்லை.

திருவள்ளூரிலிருந்து கொஞ்ச தூரம்தான். பழைய கோயில் இப்போது இல்லை. கொசஸ்தலை ஆற்றில் சென்னையின் குடிநீருக்காக 1944-ல் பூண்டி நீர்த்தேக்கம் கட்டியபோது, கோயில் இருந்த இடம் தண்ணீருக்குள் போய்விட்டது. மூர்த்திகளைக் கொண்டுவந்து வேறு இடத்தில் கோயில் எழுப்பினார்கள். இருந்த இடமே முழுகிப்போன பிறகும் பூஜை நிற்காத சுவாமி இவர். அந்த நினைப்பே எனக்கு அன்று பெரிய ஆறுதலாக இருந்தது.

சுவாமிக்கு ஊன்றீஸ்வரர் என்று பெயர். கண் தெரியாமல் வந்த சுந்தரர், "கோயிலுக்குள் இருக்கிறாயா?" என்று கேட்கிறார். "உளோம் போகீர்" என்று உள்ளிருந்து பதில் வருகிறது. இருக்கிறோம், நீர் போய் வாரும் என்று மட்டும்தான். கண் கிடைக்கவில்லை, ஓர் ஊன்றுகோல் கிடைத்தது. வந்த கோபத்தில் அதைத் தூக்கி எறிந்தார், அது பட்டு நந்தியின் கொம்பு ஒடிந்தது என்பது தலபுராணம். நந்திக்கு ஒரு கொம்பு ஒடிந்துதான் இருக்கிறது. கையில் கோலோடு சுந்தரரும் அங்கே நிற்கிறார்.

அந்தக் கோபம் எனக்குப் புரிந்தது. சுந்தரரைச் சிவபெருமானின் தோழர் என்பார்கள். தோழரிடமே இப்படியா என்று அவருக்குத் தோன்றியிருக்காதா? நாங்கள் அப்பாவுக்குப் பழையபடி கை கால் வர வேண்டும் என்று வேண்டினோம். வந்தது நாலு கால் வைத்த ஊன்றுகோல்.

அப்பா அந்தக் கோலை ஊன்றிக்கொண்டு சுந்தரரை ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் மெதுவாகச் சொன்னார். பேச்சு இன்னும் முழுசாகத் திரும்பவில்லை. "எறிஞ்சாரு. சரி. ஆனா அதே கோலை எடுத்து ஊனிக்கிட்டுத்தானே காஞ்சிபுரம் வரைக்கும் நடந்திருக்காரு."

அங்கேயே மண்டபத்தில் உட்கார்ந்தேன். நடு இரவில் கூப்பிட்டதும் லுங்கியோடு வண்டியை எடுத்துவந்த பக்கத்து வீட்டுக்காரர் ஞாபகத்துக்கு வந்தார். பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்தை நான் வாய் திறப்பதற்கு முன்பே கட்டிவிட்டு, அதைப் பற்றி இன்றுவரை ஒரு வார்த்தை பேசாத நாத்தனார் வந்தாள். தாத்தாவின் இடது கையைப் பிடித்து "அ" எழுதச் சொல்லிக் கொடுக்கும் என் சின்ன மகள் வந்தாள். நான் கேட்டது எதுவும் இதில் இல்லை. இவர்கள் இல்லாமல் அந்த வருஷத்தை எங்களால் தாண்டியிருக்கவும் முடியாது. அழுகை வந்தது. அம்பாள் மின்னொளி அம்மை சந்நிதியில் நின்று, ஒவ்வொருவர் பெயரையும் சொல்லி நன்றி சொன்னேன். அர்ச்சனைக்கு எங்கள் பெயர் நட்சத்திரம் எதையும் கொடுக்கவில்லை, அவர்களுடையதைத்தான் கொடுத்தேன்.

மாலையில் காஞ்சிபுரம் ஏகாம்பரநாதர். பஞ்சபூதத் தலங்களில் இது மண். அம்பாள் மணலால் பிடித்து வைத்துப் பூஜித்த லிங்கம். இங்கேதான் சுந்தரருக்கு இடக்கண் வந்தது. வலது கண் இன்னும் வரவில்லை. பாதிதான் கிடைத்திருக்கிறது, ஆனாலும் "காணக் கண் அடியேன் பெற்றவாறே" என்று பாட்டுக்குப் பாட்டு முடிக்கிறார். மீதி எங்கே என்ற கேள்வியே அந்தப் பதிகத்தில் கிடையாது. எனக்கு மிகவும் பிடித்த தேவாரப் பதிகம் இனி இதுதான்.

கூட்டம் கொஞ்சம் விலகியதும் அப்பா "ஆலந்தான் உகந்து" என்று ஆரம்பித்தார். தைக்குப் பிறகு அவர் பாடி நாங்கள் கேட்டதில்லை. எழுத்துகள் குழறின, இரண்டாவது அடியில் மூச்சு வாங்கியது, நிறுத்திவிட்டுத் தொடர்ந்தார். ஒரு பாட்டை முழுசாக முடித்தார். பக்கத்தில் நின்ற ஓர் அம்மா கைகூப்பிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

வலக்கண் கிடைத்தது திருவாரூரில். தை பிறந்ததும் அங்கே போவதாக இருக்கிறோம். அங்கே சுந்தரர் பாடியது நன்றிப் பாட்டு இல்லை. உம் அடியார் இப்படித் துன்பப்பட நீர் நன்றாக வாழ்ந்து போம் என்று உரிமையோடு போட்ட சண்டை. எங்களுக்கும் கேட்க வேண்டியது இன்னும் இருக்கிறது. என் கணவருக்கு வேலை, அப்பாவின் வலது கை, இரண்டையும் தியாகேசரிடம் கேட்கப் போகிறோம்.