தீர்மானப் புத்தகத்தில் ஒரு வரி

எங்கள் ஊர் முக்கூடலுக்குப் பக்கம். பஸ் மெயின் ரோட்டிலேயே இறக்கிவிட்டுப் போய்விடும். அங்கிருந்து ஒரு கிலோமீட்டர் நடை, ஒரு பக்கம் வாழை, மறுபக்கம் வாய்க்கால். நான் பிளஸ் டூ படித்தபோது ஸ்பெஷல் கிளாஸ் முடிந்து வர ஏழரை ஆகிவிடும். ஆச்சி பீடித் தட்டை மடியிலிருந்து இறக்கி வைத்துவிட்டு, டார்ச்சோடு ரோட்டில் வந்து நிற்பாள். அந்த நேரத்தில் சுற்றாமல் விட்ட பீடிக்குக் கூலி கிடையாது.

2022-ல் நேரு யுவ கேந்திராவின் தன்னார்வலராக இருந்த ஒரு அக்கா, இளையோர் மன்றம் தொடங்க ஊருக்கு வந்தார். 1972-ல் மத்திய அரசு ஆரம்பித்த அமைப்பு அது. பையன்கள் வாலிபால் கிடைக்கும் என்று வந்திருந்தார்கள். அக்கா கேட்டது வேறு: “ஊர்ல உங்களுக்கு என்ன வேணும்?” பெண்பிள்ளைகள் எல்லோரும் ஒரே வார்த்தையில், “லைட்டு.”

“சரி, மனு எழுதுவோம்” என்றார். ஆனால் அதற்கு முன்னால் எங்களைக் கம்பம் எண்ண அனுப்பினார். ஒவ்வொரு மின்கம்பத்திலும் பெயிண்டால் ஒரு எண் எழுதியிருக்கும் என்பதையே அன்றுதான் கவனித்தேன். மொத்தம் 22 கம்பங்கள். எரிந்தவை 4. எரியாத 18 கம்பங்களின் எண்களையும் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் குறித்துக்கொண்டோம்.

ஆகஸ்ட் 15 கிராம சபையில் நான் எழுந்தபோது, பின்னாலிருந்து ஒரு பெரியவர், “ஓட்டு இல்லாத பிள்ளைக்கு இங்க என்ன பேச்சு?” என்றார். சட்டப்படி வாக்காளர் பட்டியலில் இருப்பவர்கள்தான் கிராம சபை. எனக்கு அப்போது 17. எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. ஆச்சி எழுந்தாள். “எனக்கு ஓட்டு இருக்கு. எம் பேத்தி எனக்காகப் பேசுதா. நீ படி மக்கா” என்றாள். 18 எண்களையும் ஒவ்வொன்றாக வாசித்தேன்.

அதற்கப்புறம் நடந்ததுதான் முக்கியம். தீர்மானப் புத்தகத்தில் முதலில் எழுதியது, ‘தெருவிளக்கு குறித்து விவாதிக்கப்பட்டது.’ அக்கா இதை முன்பே எச்சரித்திருந்தார். விவாதித்தோம் என்று எழுதினால் யாரும் எதுவும் செய்ய வேண்டியதில்லை. எத்தனை விளக்கு, எந்தக் கம்பம் என்று எழுதச் சொல்லி நாங்கள் ஏழு பேரும் மேசையைச் சுற்றி நின்றோம். எழுதினார்கள். எண்களோடு.

கார்த்திகைக்குள் 15 விளக்குகள் வந்துவிட்டன. வாய்க்கால் வளைவில் 3 பாக்கி. அடுத்த கிராம சபையில், ‘போன தீர்மானத்தில் 18, போட்டது 15’ என்று கேட்க முடிந்ததே அந்த ஒரு வரி இருந்ததால்தான்.

இப்போது எங்கள் தெருவில் 17 முடிந்த பிள்ளைகளுக்கு, வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கும் படிவம் 6 நிரப்பிக் கொடுக்கிறேன். 18 ஆகும்வரை காத்திருக்க வேண்டாம், 17-லேயே முன்கூட்டி விண்ணப்பிக்கலாம். 18 முடிந்ததா என்று கணக்குப் பார்க்கும் தகுதி நாட்கள் வருஷத்துக்கு 4 உண்டு என்பது பல வீடுகளில் தெரியவில்லை.

வளைவில் இன்னும் ஒரு விளக்கு வரவில்லை. அக்டோபர் 2 கிராம சபைக்கு அந்தக் கம்பத்தின் எண்ணோடு போகிறோம். இந்தமுறை வாசிக்கப்போவது பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி. பக்கத்தில் ஆச்சி உட்கார்ந்திருப்பாள்.